ஊர் அஞ்சலகம் விவசாயிக்கும் வேண்டும்

'இப்போது யார் சார் கடிதம் எழுதுகிறார்கள், ஊருக்கு ஊர் அஞ்சலகம் எதற்கு?' என்று பயிற்சி முகாம்களில் விவசாயிகளே கேட்கிறார்கள். கடிதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதால் வரும் கேள்வி இது.

நாட்டிலுள்ள சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில்தான் இருக்கின்றன. பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் எந்த வங்கிக் கணக்கில் வந்தாலும், ஆதார் இணைந்திருந்தால் தபால்காரரிடம் விரல் ரேகை வைத்து வீட்டிலேயே பணம் வாங்கலாம். 2018-ல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வந்தபின் கிடைத்த வசதி இது. நடவு நேரத்தில் பணம் எடுக்க டவுனுக்குப் போனால், பஸ் கட்டணத்தோடு அன்றைய வேலையும் போய்விடும்.

மண் பரிசோதனை செய்யச் சொன்னால், ஆய்வகம் தூரம் என்கிறீர்கள். அரை கிலோ மண்ணுக்காக ஏன் அலைய வேண்டும்? ஆய்வகத்தில் முகவரி, கட்டண விவரம் கேட்டுக்கொண்டு, மண்ணை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயர், சர்வே எண், முன்பயிர், அடுத்துப் போடும் பயிர் எழுதிய சீட்டுடன் பார்சலில் அனுப்பலாம்.

விதை முளைக்கவில்லையா? கடைக்காரரிடம் சண்டை போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பில், விதைப் பை அட்டை நகல்களுடன் வேளாண் துறைக்கு உடனே விரைவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. புகார் கொடுத்த தேதிக்குத் தபால் ரசீதே சாட்சி.

குறைகளும் உண்டு. கிளை அஞ்சலகம் தினமும் சில மணி நேரமே திறந்திருக்கும். சிக்னல் கிடைக்காது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. இவற்றைச் சரிசெய்யத்தான் கேட்க வேண்டுமே தவிர, அஞ்சலகமே வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வருமானத்தை மட்டும் பார்த்து கிளை அஞ்சலகத்தை எடைபோடுவது, மீன் குத்தகைத் தொகையை வைத்துக் கண்மாயின் பயனை அளப்பதற்குச் சமம்.

வேளாண் துறையும் அஞ்சல் துறையும் சேர்ந்து, மண் மாதிரிகளைக் கிளை அஞ்சலகத்திலேயே சலுகைக் கட்டணத்தில் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் இதை மேலிடத்துக்கு எழுதுங்கள். விவசாயிகள் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதுவரை, கோடை உழவுக்கு முன் ஒரு மண் மாதிரியாவது உங்கள் ஊர் அஞ்சலகத்திலிருந்து போகட்டும்.