பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வது?



இம்மாதம் நான் வாசித்தவை எல்லாமே படங்கள் நிறைந்த புத்தகங்கள். சில சிறுவர் கதைகள், மற்றவை ‘கிராபிக் நாவல்’ எனப்படும் சித்திர நாவல்கள். “இந்த வயதில அம்புலிமாமாவோ?” என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால் நான் பொழுதுபோக்குக்காக இவற்றைத் தேடிப் போகவில்லை. எமது மாதாந்தச் சந்திப்பில் ஒரு தாய் கேட்ட கேள்விதான் என்னை அனுப்பியது.

2009இல் அவருடைய மகள் கைக்குழந்தை. இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்ட பெரிய பிள்ளை. “அப்பாவுக்கு என்ன நடந்தது எண்டு இப்ப நேராக் கேக்கிறாள் மிஸ். இவ்வளவு நாளும் வெளிநாட்டில எண்டு சொல்லி வைச்சிருந்தனான். இனி என்னத்தைச் சொல்லுறது?” என்றார். கூடியிருந்தவர்களில் சிலர் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். சிலர், பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும், பேசாமல் இரு என்றார்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியலில் இதற்கு விடை இருக்கவில்லை. அடுத்த சந்திப்பில் கதைப்போம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் கையிலெடுத்தது யப்பானியர் கெய்ஜி நகசாவாவின் ‘வெறுங்கால் ஜென்’. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோசிமாவில் அணுகுண்டு விழுந்தபோது நகசாவாவுக்கு ஆறு வயது. பாடசாலை மதிலின் மறைவில் நின்றதால் உயிர் தப்பினார். தகப்பன், தமக்கை, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்குள் அகப்பட்டு இறந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த தாய் மாத்திரம் தப்பினார். அன்றே ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அந்தக் குழந்தையும் சில மாதங்களில் இறந்துபோயிற்று.

வளர்ந்து சித்திரக்கதைக் கலைஞரான பிறகும் நகசாவா குண்டைப் பற்றி வரையாமலே இருந்தார். 1966இல் தாய் இறந்தார். தகனம் செய்த பின் பார்த்தால் எடுத்து வைப்பதற்கு எலும்புகூட மிஞ்சவில்லை, சாம்பல்தான் கிடந்தது. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பையும் தின்றுவிட்டது என்ற ஆத்திரத்தில்தான் அவர் பேனையை எடுத்தார். 1973இல் சிறுவர் வார இதழொன்றில் ஜென்னின் கதை தொடராக வரத் தொடங்கியது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு விடயம். கதையில், வீடு எரியும்போது சிறுவன் ஜென் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். உண்மையில் நகசாவா அந்த இடத்தில் நிற்கவில்லை. அங்கே நின்றவர் தாய்தான். அவர் மகனுக்குச் சொல்லியிருந்தார். தாய் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கங்கள் பிறந்திருக்காது.

எல்லோரும் இந்தப் புத்தகத்தை வரவேற்கவில்லை. 2012இல் மட்சுவே நகரில் பாடசாலை நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுத்து வாசிக்க முடியாதபடி அதை உள்ளே வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த வருடம் அந்தத் தடை நீங்கியது. 2023இல் ஹிரோசிமா நகரமே தன் சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து ஜென்னை நீக்கிவிட்டது. எமது சந்திப்பில் நடந்த அதே வாக்குவாதம் குண்டு விழுந்த ஊரிலும் ஓயவில்லை. என்னுடைய அபிப்பிராயம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் இதைத் தனியே கொடுக்கக்கூடாது. படங்கள் கடுமையானவை. எனக்கே இரண்டு இரவு நித்திரை இல்லை.

அடுத்தது அமெரிக்கரான ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’. போலந்து யூதர்களான தன் பெற்றோர் நாசிகளின் வதைமுகாமிலிருந்து தப்பிய கதையை யூதர்களை எலிகளாகவும் ஜேர்மனியரைப் பூனைகளாகவும் வரைந்து சொல்கிறார். 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. எல்லோரும் பூனையையும் எலியையும் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் நின்றது தாய் அன்யாவிடம். யுத்தம் முடிந்தபின் அவர் தான் பட்டதையெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்தார். மகன் வளர்ந்து என்றோ வாசிப்பான் என்பது அவருடைய ஆசை. 1968இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகன் அந்தக் கொப்பிகளைக் கேட்கக் கேட்க, தகப்பன் ஏதேதோ சாட்டுச் சொல்கிறார். கடைசியில், துக்கம் தாங்காமல் எரித்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். ஆகவே அந்தப் பெரிய புத்தகம் முழுவதும் தகப்பனின் குரலில்தான் நடக்கிறது. பெற்ற தாய் என்ன நினைத்தார் என்பது மகனுக்குக் கடைசிவரை தெரியாது.

எரித்த மனிதரில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் இறந்தவரின் உடுப்பை, படத்தை, கடிதத்தை வீட்டில் வைத்திருக்கவே பயந்த நாட்கள் எமக்கும் இருந்தன. கிடங்கு வெட்டித் தாட்டவர்களும் அடுப்பில் போட்டவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்க நான் யார்?

மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபொலிஸ்’ ஈரானியச் சிறுமி ஒருத்தியின் கதை. இது தமிழிலும் வந்திருக்கிறது. புரட்சியும் ஈராக்குடனான எட்டு வருடப் போரும் அவள் வீட்டு வாசலில் நடக்கின்றன. ஒருநாள் அயலில் ஏவுகணை விழுகிறது. சிதைந்த வீட்டைத் தாண்டும்போது, பிள்ளை பார்க்காதபடி தாய் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறார். ஆனாலும் இடிபாட்டுக்குள் சிநேகிதியின் காப்பு பிள்ளையின் கண்ணில் பட்டுவிடுகிறது. அதன்பின் வருவது ஒரு கட்டம் முழுவதும் கறுப்பு. அதில் படமே இல்லை. நாம் இழுத்துக்கொண்டு போனாலும் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? பதினான்கு வயதில் மகளை வியன்னாவுக்கு அனுப்பும்போது விமான நிலையத்தில் தாய் மயங்கி விழும் படத்தை, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்தத் தாயிடமும் நான் காட்டமாட்டேன்.

இவற்றையெல்லாம் வாசித்தபோது, சொல்லிவிடுவதே சரி என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தேன். டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’ அந்த அவசரத்தைக் கொஞ்சம் தடுத்தது. 1981இல் வந்த யப்பானிய நூல். இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டது. முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியைத் தாய் வேறொரு பாடசாலைக்குக் கூட்டிச் செல்கிறார். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். அதிபர் கொபாயாஷி அவளை முன்னால் இருத்தி நான்கு மணித்தியாலம் அவள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். 1945இல் குண்டுவீச்சில் அந்தப் பாடசாலை எரிந்துபோனது. தன்னை முதல் பாடசாலை விலக்கியது என்பது டோட்டோவுக்கு இருபது வயது கழிந்த பிறகே தெரியும். அதுவரை தாய் சொல்லவில்லை. அந்த மௌனம் பிள்ளைக்குத் தீங்கு செய்யவில்லை. காலம் பார்த்துத் தாயே தன் வாயால் சொன்னார், வேறு யாரோ சொல்லி அவள் அறியவில்லை.

எமது கதையும் சித்திரமாக வந்திருக்கிறது. ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்து 2008 செப்ரெம்பரில் வெளியேறிய பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சி பொலொக் வரைந்த ‘வன்னி’ 2019இல் வெளியானது. ஆழிப்பேரலையிலிருந்து போரின் முடிவு வரை ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு. உயிர் தப்பியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள், நேர்மையான வேலை. நான் வாசித்தது ஆங்கிலப் பதிப்பு. அதைச் சந்திப்புக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை.

கொண்டுபோனது அவுஸ்திரேலியரான ஷோன் டானின் 2006ஆம் ஆண்டுப் புத்தகம், ‘த அரைவல்’. அதில் வாசிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஊருக்கு மேலே ஏதோ ஒரு பயங்கரத்தின் நிழல் வால்போல அலைகிறது. ஒருவர் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுப் புதிய தேசம் போகிறார். பாஷை தெரியாது, சாப்பாடு தெரியாது, வேலை இல்லை. எழுத்து இல்லாததால் படிக்காத அம்மாவும் படித்த மகளும் ஒரே வேகத்தில் பக்கம் புரட்டலாம் என்று நினைத்தே தெரிந்தெடுத்தேன். ஆனால் ஒன்றை யோசிக்கத் தவறிவிட்டேன். கதையின் முடிவில் குடும்பம் ஒன்றுசேர்கிறது. தகப்பன் திரும்பாத வீட்டுக்கு, அதுவும் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்த வீட்டுக்கு, அப்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டேனே என்று அந்தக் கிழமை முழுவதும் எனக்கு மனம் சரியில்லை.

அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாய் வந்தார். மகளும் தானும் திண்ணையில் இருந்து இரண்டு தரம் பார்த்தார்களாம். இரண்டாந்தரம் பார்க்கும்போது மகள் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, “எங்கட அப்பா இப்பிடிப் போகேல்லை என்ன?” என்று கேட்டாளாம். “ஓம்” என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கு அவ்வளவுதான். மிச்சத்தை மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறாளாம். இவரும் தெரிந்ததைச் சொல்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார்.

“புத்தகம் எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லம் மிஸ். ஆனா பாருங்கோ, முழுக்கப் போனவற்ற பக்கம்தான். வீட்டில நிண்டவளின்ர பக்கத்தையும் ஆரும் கீறவேணும்.”

புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.