பாங்காக்கில் ஒரு 'பாத்திர' ஊர்!
தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில், வாட் சாகேத் புத்தர் கோயிலுக்கு அருகே 'பான் பாத்' என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. தாய் மொழியில் 'பான்' என்றால் வீடு, ஊர். 'பாத்' என்றால் புத்த பிக்குகள் கையிலேந்தி உணவு பெறும் பாத்திரம். ஆமாம், நம்ம 'பாத்திரம்'தான்! இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. பேச்சில் 'பாத்' எனச் சுருங்கினாலும், எழுதும்போது கடைசி 'ர' இன்னும் இருக்கிறது.

8 இரும்புத் துண்டுகளை இணைத்து, சுத்தியலால் தட்டித் தட்டியே இங்கே பாத்திரம் செய்கிறார்கள். புத்தர் சொன்ன எண்வழிப் பாதையை நினைவூட்டத்தான் அந்த 8.

தொழிற்சாலைப் பாத்திரங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஊரே செய்த வேலை சில குடும்பங்களோடு சுருங்கிவிட்டது. சுற்றுலாப் பயணிகளும் வாங்குவதால்தான் சுத்தியல் சத்தம் இன்னும் ஓயவில்லை. பாங்காக் போனால், அந்தச் சத்தத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள்!