மூளையின் படமும் நோயாளியின் பேச்சும்

தெல்தோட்டையிலோ ஹேவாஹெட்டையிலோ இருபது வயது இளைஞன் ஒருவன் வேலைக்குச் செல்வதை நிறுத்தி, லயத்தின் மூலையில் ஒடுங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலிற் பூசாரியிடம் அழைத்துச் செல்வர். பின்னர் பேராதனைக்கோ கண்டிக்கோ கொண்டுவருவர். வைத்தியர் சில கேள்விகள் கேட்டு, “மனச்சிதைவு நோய்” எனக் கூறி மருந்தெழுதிக் கொடுக்கிறார். பெற்றோருக்கு மனம் ஆறுவதில்லை. “கை முறிந்தாற் படம் பிடிக்கிறார்களே, தலைக்குள் என்ன நேர்ந்ததென்று ஒரு படம் பிடித்துப் பார்க்கலாகாதா?” கழுத்திற் கிடப்பதை அடகு வைத்தேனும் தனியார் நிலையத்தில் ஸ்கான் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது. படித்த உத்தியோகத்தர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

வைத்தியர் கேட்டாலன்றி அப்பணத்தைச் செலவிடாதீர்கள் என்பதே எமது கருத்து. மூளையிற் கட்டி, காயம், வலிப்பு முதலியவை உண்டோ என்ற ஐயம் எழுந்தால் அவரே படம் கேட்பார். ஆனால், மனச்சிதைவு நோய் இருக்கிறது அல்லது இல்லை என்று ஒருவரது படத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறவல்ல கருவி இன்றுவரை உலகில் எங்கும் இல்லை.

விஞ்ஞானம் இத்துறையில் உழைக்கவில்லை என்பதன்று இதன் பொருள். 1976ஆம் ஆண்டில் இலண்டனிலே ஈவ் ஜோன்ஸ்டன் என்ற பெண் வைத்தியரும் தோழரும், நெடுங்காலம் ஆஸ்பத்திரியிற் கிடந்த 17 நோயாளரின் தலைகளை அப்போது புதிதாய் வந்த சீ.டி. ஸ்கான் கொண்டு படம் பிடித்தனர். மூளையின் நடுவே நீர் தங்கும் அறைகள் நோயாளரிடத்திற் பெருத்திருக்கக் கண்டனர். “பேய்க் கோளாறு” என்றும் “வளர்ப்புக் குற்றம்” என்றும் தூற்றப்பட்ட நோய்க்கு உடலில் அடையாளம் உண்டென்று காட்டிய அப்படங்கள், எத்தனையோ தாய்மார் மேற் சுமத்தப்பட்ட பழியைக் குறைத்தன. 2016இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று 2,028 நோயாளரின் படங்களை 2,540 பிறரின் படங்களோடு ஒப்பிட்டு, நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நோயாளரிடத்திற் சராசரியாகச் சிறுத்திருக்கிறது என்றது.

சராசரி என்ற சொல்லிலேதான் சங்கதி இருக்கிறது. இரு வயல்களின் சராசரி விளைச்சல் வேறுபடலாம். ஆயினும் ஒரு கதிரைப் பறித்துக் காட்டி, இஃது எவ்வயலது என்று கேட்டால் எந்தக் கமக்காரன் விடை கூறுவான்? 1990இல் அமெரிக்காவிலே, ஒருவருக்கு நோய் கண்டு மற்றவருக்குக் காணாத 15 இரட்டையர் சோடிகளைப் படம் பிடித்தனர். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது 12 சோடிகளில் நோயாளி எவரென்று கண்டுகொண்டனர். அருகில் வைக்க உருவொத்த உடன்பிறப்பு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

மற்றுமொரு சிக்கல், மருந்தே மூளையின் உருவை மாற்றக்கூடும் என்பது. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, நோயற்ற குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதங்கள் இம்மருந்துகளைக் கொடுக்க, மூளையின் கனம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறைந்தது. (இதைப் படித்துவிட்டு எவரும் மருந்தை நிறுத்திவிடலாகாது; நிறுத்தினால் நோய் திரும்பும் என்பது அதைவிட உறுதியான உண்மை.) ஆகையால் நோயின் மாற்றம் எது, மருந்தின் மாற்றம் எது எனப் பிரித்தறிய, மருந்தே உண்ணாத நோயாளரை ஆய்வாளர் தேடுகின்றனர். மேல்நாட்டில் அத்தகையோரைக் காண்பதரிது. தமிழ்நாட்டிற் கண்டனர்! டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் நிலையத்தாரும் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஒருவரும் சென்னைப் பகுதியிலே, ஒருபோதும் சிகிச்சை பெறாதோரை எம்.ஆர்.ஐ. படம் பிடித்து 2002இல் வெளியிட்டனர். நல்ல ஆய்வு அது. ஆயினும் நம்மவரின் இல்லாமையே உலகுக்கு அரிய ஆய்வுப் பொருளாயிற்றே என்று நெஞ்சு குறுகாமலில்லை.

கண்டிக்கு வருவோம். படம் தீர்ப்புக் கூறாதென்றால் நோயை அறியும் கருவி யாது? பேச்சுத்தான். காந்தத்துக்கு மொழி வேண்டியதில்லை. மனநோய் வைத்தியருக்கோ மொழியன்றி வேறு வழியில்லை. மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து வாக்குச் சொல்பவர் நோயாளியல்லர். திருவிழா முடிந்தும் அவரை விடாமல் ஒரு குரல் இரவு பகலாய் ஏசுமாயின் அது வேறு. “காதிலே பேசுது” என்று ஒருவன் கூறும்போது, அஃது அயல் வீட்டுச் சண்டையா, சாமியா, நோயா என்பதை அவன் மொழியும் வழக்கமும் அறிந்தவரே பிரித்துணர்வர். வாட்டில் நிற்கும் சிற்றூழியர் ஒருவரை அழைத்து, தாய் பத்து வாக்கியத்திற் சொன்னதை ஒரே வாக்கியமாக மொழிபெயர்க்கச் செய்து நோயை நிர்ணயித்தல், மங்கிய படத்தை வைத்துக்கொண்டு எலும்பு முறிவைத் தேடுவது போன்றதே.

1867இல் லூல்கந்துரத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இம்மலைகளிலே தமிழ் உழைப்பு இருந்துவருகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை முதலிற் செல்லவேண்டிய இடம் மனநோய்க் கிளினிக்கின் மேசையல்லவா? புதிய ஸ்கான் இயந்திரம் வேண்டுமென்று மனுக் கொடுப்போர், தமிழறிந்த மனநல உத்தியோகத்தரையும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரையும் அம்மனுவின் முதல் வரியிலே கேட்கட்டும்.

பேராதனை மருத்துவ பீடத்தாரோ பிறரோ நாளை இங்கு மூளைப் பட ஆய்வு நடத்த முன்வந்தால் எதிர்க்க வேண்டியதில்லை. தோட்ட மக்களையும் அதிற் சேர்க்க வேண்டும். ஆனால் இணக்கப் பத்திரம் தமிழில் இருக்கட்டும். அதை வாசித்து விளக்கியபின்பே கையொப்பம் பெறட்டும். “இப்படம் உங்கள் மகனைக் குணப்படுத்தாது” என்ற வாக்கியமும் அதில் இருக்கட்டும். மருந்து பெறாத நோயாளி ஒருவர் அகப்பட்டால், படத்துக்காக அவருடைய சிகிச்சையை ஒரு நாளேனும் பின்தள்ளாதிருக்கட்டும்.