கூலி ஏறியது, பொட்டலம் இளைத்தது!

கூலி உயர்வு கேட்டு ஆலை வாயிலில் கொடி பிடிக்கிறோம். பஞ்சப்படியில் பத்து ரூபாய் குறைந்தால், கணக்குப் போட்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, போராடிப் பெற்ற அந்தப் பத்து ரூபாய் மளிகைக் கடையிலே பறிபோகிறதே, அதற்கு யாரைக் கேள்வி கேட்கிறோம்?

விலையை ஏற்றினால் கூச்சல் கிளம்பும் என்பது உற்பத்தி முதலாளிக்குத் தெரியும். ஆகவே விலை அப்படியே நிற்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் இளைக்கிறது. 100 கிராம் பொட்டலம் 80 கிராமாகச் சுருங்கினால், எடை குறைந்தது நூற்றுக்கு 20. விலை ஏறியதோ நூற்றுக்கு 25! ஏறியது தெரியாமலே ஏறுகிற விலை இது.

வீசை, பலம், படி என்று ஊருக்கோர் அளவு இருந்து, ஏழையை ஏய்த்த காலம் ஒன்று உண்டு. அதை ஒழிக்கத்தான் 1956-இல் நிறை அளவுச் சட்டம் வந்தது. 1958 முதல் கிலோவும் கிராமும் கடைவீதிக்கு வந்தன. தேயிலை, பிஸ்கட், சமையல் எண்ணெய், சலவைத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு செய்த திருத்தம் அந்த விதியை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, அலகு விலையைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றது.

ஈடு ஆயிற்றா? ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் விலை. கூடிய பொட்டலத்தில் கிலோ விலை. அதுவும் காசுக் கணக்கில் முழுமையாக்கி! ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 250 கிராம் தேயிலைத்தூள் 59 ரூபாய். வேறொன்று 180 கிராம், 44 ரூபாய். இரண்டிலும் கிராம் 24 காசு என்றே அச்சாகும். கிலோவுக்குக் கணக்கிட்டால் முன்னது 236 ரூபாய். பின்னது 244 ரூபாய்க்கு மேல். எட்டு ரூபாய் எங்கே ஒளிந்தது? காசுக்கும் கீழான கணக்கிலே ஒளிந்தது!

ஆகவே கணக்கை நாமே போடுவோம். விலையை 1000-ஆல் பெருக்கி, கிராமால் வகுத்தால் கிலோ விலை கிடைத்துவிடும். கையில் இருக்கிற தொலைபேசியே கணக்குப் போடும். எண்ணெயில் இன்னும் விழிப்பு வேண்டும்: ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, ஏறத்தாழ 910 கிராம்தான். லிட்டர் விலையைக் கிலோ விலையோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. பெரிய பொட்டலம் என்றாலே மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது.

"கணக்குத் தெரிந்து என்ன பயன்? அன்றாடங்காய்ச்சி எப்படி ஐந்து கிலோ வாங்குவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணமுள்ளவன் மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்கிறான். இல்லாதவன் சில்லறையாக வாங்கி, கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறான். ஏழ்மைக்கு விதிக்கப்பட்ட வரி இது! தனி ஆளாக இதை வெல்ல முடியாது. ஐந்து குடும்பம் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால் முடியும். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் காட்டிய வழியும் சேர்ந்து வாங்கும் வழிதானே!

நம் கோரிக்கை எளியது. எந்தப் பொட்டலமானாலும், எவ்வளவு சிறியதானாலும், கிலோ விலையை, லிட்டர் விலையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழில் அச்சிடு! எடையைக் குறைத்தால், குறைத்ததை முகப்பிலே சொல்!

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரக் கிளைக் கூட்டத்தில், வீட்டுக்கு வாங்கிய பத்துச் சாமான்களின் கிலோ விலையைக் கணக்கிட்டுப் பலகையில் எழுதிவையுங்கள். தாய்மார்களையும் அழையுங்கள், அன்றாடம் கடைக்குப் போகிறவர்கள் அவர்கள்தாம். கூலியைக் கணக்குப் பார்த்து வாங்குகிறவன், அதைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாமா?