செவ்வாய்க் கோளில் ஒரு பெண்ணின் பெயர்

விஞ்ஞானக் கதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார்? ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் போன்ற ஆடவர்களே. அவர்கள் படைத்த விண்கலங்களிலும் நீர்மூழ்கிகளிலும் பெண்களுக்கு அதிக இடமில்லை; கறுப்பினப் பெண்களுக்கோ அறவே இல்லை. வருங்காலத்தைப் பற்றி இத்தனை கற்பனை செய்தவர்களுக்கு, அங்கே ஒரு கறுப்புப் பெண்ணும் வாழ்ந்திருப்பாள் என்று மட்டும் கற்பனை செய்ய இயலாமற் போனது விந்தையன்றோ!

இக்குறையை எழுதியே நீக்கியவர் ஆக்டேவியா பட்லர். இவர் 1947-ல் அமெரிக்காவின் பாசடீனா நகரில் பிறந்தார். காலணிகளுக்கு மெருகிடும் தொழில் செய்த தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். தாயார் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். அவ்வீட்டார் வேண்டாமென்று கழித்த புத்தகங்களை அந்தத் தாய் மகளுக்காக எடுத்து வருவாராம். மகளுக்கோ எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம்; கூச்சமும் அதிகம். ஆயினும் பத்து வயதில் தாயிடம் கெஞ்சி ஒரு தட்டச்சுப் பொறி வாங்கிக்கொண்டார். பன்னிரண்டாம் வயதில், செவ்வாய்க் கோளிலிருந்து வரும் ஒரு பெண்ணைப் பற்றிய மட்டமான திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் கண்டார். இதைவிட நல்ல கதையை நானே எழுதுவேன் என்று அப்போதே அமர்ந்துவிட்டார். கறுப்பர்களால் எழுத்தாளராக முடியாது என்று உறவுப் பெண்மணி ஒருவர் பரிவோடுதான் எடுத்துரைத்தார். பரிவோடு சொல்லப்படும் இத்தகைய சொற்களே பெண் பிள்ளைகளை அதிகம் தடுத்து நிறுத்துகின்றன என்பது என் எண்ணம். பட்லர் நிற்கவில்லை. பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் பரிசோதகராக இருந்தார், பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார்.

அவருடைய நூல்களில் 1979-ல் வெளிவந்த 'கின்ட்ரெட்' நாவலையே தோழியர் முதலில் படிக்க வேண்டுமென்பேன். 1976-ல் வாழும் டானா என்ற கறுப்புப் பெண், திடீர் திடீரென ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கி, அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ஆபத்தில் சிக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனை ஒவ்வொரு முறையும் அவள் காப்பாற்றியாக வேண்டும். ஏனெனில் அவன் அவளுடைய மூதாதை. அவன் மாண்டால் அவள் பிறக்கவே வழியில்லை! இக்கதை பிறந்த காரணமும் அறியத்தக்கது. கல்லூரியில் உடன் பயின்ற கறுப்பு இளைஞர் ஒருவர், முந்தைய தலைமுறையினர் அடங்கி நடந்ததைக் கோழைத்தனமென்று பழித்தார். வேலை செய்யும் வீட்டில் பின்வாசல் வழியே நுழைந்து, இழிசொற்களைக் கேளாதவர்போல் இருந்த தம் தாயைப் பட்லர் நேரில் கண்டிருந்தார். அந்த அடக்கத்தால்தான் தம் வயிறு நிறைந்தது என்பதையும் அறிந்திருந்தார். அக்காலத்துக்குச் சென்று பார், உயிரோடிருப்பதற்கே எத்தனை துணிவு வேண்டுமென்று தெரியும் என்பதே இந்நாவல் தரும் மறுமொழி. வரலாற்றுப் பாடத்தில் இதை இவ்வளவு நெருக்கமாக நாம் உணர்வதில்லை.

நாம் திருப்பலியில் கேட்கும் விதைப்பவர் உவமையையும் தாலந்து உவமையையும் அவர் இரு நாவல்களுக்குத் தலைப்பாக்கினார். 1993-ல் எழுதிய முதல் நூலின் கதை 2024-ல் தொடங்குகிறது. வறட்சி, தீ, மதிலுக்குள் ஒடுங்கி வாழும் மக்கள்! போதகரின் மகளான அதன் நாயகி தந்தையின் விசுவாசத்தை விட்டுத் தனிச் சமயம் காண்பது நம்மில் பலருக்கு உடன்பாடாக இராது. எனினும் அவளுடைய கேள்விகள் நேர்மையானவை.

கறுப்புப் பெண் எழுத்தாளர் என்றால் எல்லோரும் ஒரே குரல் என்று எண்ணிவிடலாகாது. ஜமைக்காவில் பிறந்து கனடாவுக்குக் குடியேறிய நாலோ ஹாப்கின்சன், கரீபியத் தீவுகளின் பேச்சுமொழியிலேயே வேற்றுக் கோளின் கதையைச் சொல்கிறார். நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபர், முதுகெலும்பு அறுவைக்குப் பின் சில காலம் கால்கள் செயலிழந்து படுத்திருந்தபோது எழுதத் தொடங்கியவர். அவருடைய பின்டி, ஹிம்பா இனப் பெண். செம்மண் பூசிய கூந்தலோடு, வீட்டாருக்குச் சொல்லாமல், வேறொரு கோளிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறாள். உயர்கல்விக்காக வெளியூர் செல்லவிருக்கும் அக்காமார் இதைப் படித்துப் பார்க்கலாம்!

இந்த ஒகோராஃபருக்கு 2011-ல் உலக மிகுபுனைவு விருது கிடைத்தது. அவ்விருதோ லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் தலைச்சிலை. கறுப்பரை இழித்துக் கவிதை எழுதிய ஒருவரின் முகத்தை ஒரு கறுப்புப் பெண் பரிசாகப் பெற்று வீட்டில் வைக்க வேண்டுமாம்! இந்தச் சங்கடத்தை அவர் மறைக்காமல் எழுதினார். மற்றவர்களும் குரல் கொடுத்தனர். 2015-ல் அச்சிலை கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது.

நிறத்தைப் பார்த்துப் பாராட்டுவதும் ஒருவகைப் பாகுபாடு அல்லவா என்று சிலர் கேட்கின்றனர். 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது பெற்ற என். கே. ஜெமிசினைப் பற்றியும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். 1953-ல் தொடங்கிய அவ்விருதை வாசகர்களே வாக்களித்து வழங்குகிறார்கள்; தொடர்ந்து மும்முறை அதை வென்றவர் அதற்கு முன் எவருமில்லை. அந்நாவல் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளையர் மட்டுமே வென்றபோது எவரும் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லையே! ஜெமிசினை முதல்வர் என்று புகழும்போது, கதவை அத்தனை நாள் சாத்தி வைத்தவர்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.

பட்லர் 2006-ல் காலமானார். 2021 பிப்ரவரி 18-ஆம் நாள் பெர்சிவரன்ஸ் என்ற ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. அது தரைதொட்ட இடத்துக்கு நாசா விஞ்ஞானிகள் ஆக்டேவியா ஈ. பட்லர் என்ற பெயரைச் சூட்டினர்.