அம்மா வைத்த பெயர் 245 பைட்

இந்தக் கிழமை எபிசோடில் பேக்கப் பற்றிக் கதைக்கும்போது ஃபைல் பெயர் நீளப் பிரச்சினையை அரை நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டோம். "பெயரைச் சின்னதா இங்கிலீஷில வையுங்கோ, முடிஞ்சுது" என்று சொன்னது நான்தான். எடிட் பண்ணும்போது திரும்பக் கேட்டேன். எனக்கே பிடிக்கவில்லை.

போன வருஷம் அம்மா, அம்மம்மா எழுதின கடிதங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருந்தா. கிட்டத்தட்ட 600 படம். அதை வீட்டு நாஸ் பெட்டிக்கு கொப்பி பண்ணுவது என் வேலை. நடுவில் "பெயர் நீளம் கூட, தவிர்க்கவா?" என்று கேட்டது. ஒன்றிரண்டு தானே என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் அதே பதில் என்று டிக் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். பிறகு "எல்லாம் ஏறிட்டுது, டிஸ்கை அழிக்கலாம்" என்று அம்மாவுக்குச் சொன்னதும் நான்தான்.

நல்லகாலம், அவ அழிக்க முதல் ஃபோனில் தேடிப் பார்த்தா. "அந்தக் கார்த்திகைக் கடிதம் எங்க தம்பி?"

அதின்ர பெயர் இது: '1994 கார்த்திகை கொழும்பிலிருந்து அம்மம்மா எழுதினது அப்பாவுக்கு வேலை கிடைச்ச செய்தி கேட்டு'. கடைசியில் வரும் ஜேபிஜி நீட்சியும் சேர்த்து விண்டோஸ் கணக்கில் 93 எழுத்து. அங்கே ஒரு பெயருக்கு 255 வரை இடம் உண்டு. ஆனால் நாஸ் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதுவும் 255 என்றுதான் சொல்லும், ஆனால் எண்ணுவது எழுத்தை இல்லை, பைட்டை. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு 3. அதுவும் 'ம்' என்றால் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6. நாங்கள் ஐந்து எழுத்தாக எண்ணும் 'அம்மம்மா' 24 பைட். முழுப்பெயர் 245.

245 என்றால் 255க்குள் அடங்குமே? அடங்கும். ஆனால் நான் கெட்டித்தனமாக அந்த ஃபோல்டரை என்கிரிப்ட் பண்ணி வைத்திருந்தேன். இப்படியான பெட்டிகள் சிலதில் பயன்படும் ஈகிரிப்ட்எஃப்எஸ் பெயரையும் சேர்த்துப் பூட்டும்; பூட்டின பெயர் நீண்டுவிடும். அதனால் எங்களுக்கு மிஞ்சுவது 143 பைட். தமிழில் 47 குறி, புள்ளியும் கொம்பும் சேர்த்து.

விடுபட்டது 41 கடிதம். அதுகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அம்மாவுக்கு எந்தக் கடிதம் முக்கியமோ, அதுக்குத்தான் நீளமான பெயர். சும்மா நலம் விசாரித்த கடிதங்கள் எல்லாம் பத்திரமாக ஏறியிருந்தன.

அதனால்தான் 'இங்கிலீஷில் சின்னதாக' என்ற என் புத்திமதியை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பெயரைத் தவிர அந்தப் படத்துக்கு வேறு விளக்கம் எங்கேயும் இல்லை. அம்மம்மாவின் கையெழுத்தை வாசிக்க எனக்குக் கால் மணித்தியாலம் வேணும். பெயரை வாசிக்க ஐந்து செக்கன். சுருக்குவது என்றால் அதை அம்மாதான் செய்யவேணும், நானோ ஸ்கிரிப்டோ இல்லை.

பெயரை ஃபோல்டர்களாக உடைத்தால் என்ன என்றும் யோசித்தேன். லினக்ஸில் சரிவரும், அங்கே முழுப் பாதைக்கு 4096 பைட் இருக்கிறது. விண்டோஸில் பழைய 260 எழுத்து எல்லை முழுப் பாதைக்கும் சேர்த்து. 2016இலிருந்து விண்டோஸ் 10இல் அதைத் தளர்த்த ஒரு செட்டிங் உண்டு, ஆனால் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை. அல்லது எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டிவிடலாம், உள்ளே பெயர்கள் அப்படியே இருக்கும். ஆனால் அம்மா ஃபோனில் திறந்து பார்க்க ஏலாது. அவ பார்க்க முடியாத பேக்கப் யாருக்கு?

கடைசியில் செய்தது சின்ன வேலை. பாங்க் பேப்பர் எல்லாம் என்கிரிப்ட் ஃபோல்டரிலேயே இருக்கட்டும் என்று விட்டு, கடிதங்களுக்குப் பூட்டில்லாத ஃபோல்டர் ஒன்று திறந்தேன். 41உம் பெயர் மாறாமல் ஏறின. இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டேன், இந்தமுறை தேத்தண்ணிக்கு முதல்.

டிஸ்கை அம்மா இன்னும் அழிக்கவில்லை. அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறா.