பின் சில்லைப் பார்க்காமல் பில் மட்டும் தருகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், கார் ஆசையுள்ள மகன் வீட்டில் இருப்பவர்களும் முழுதாக வாசியுங்கள்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள், ஒரே பாடசாலைக்கு ஒரே காரில் போய் வருகிறோம். போகவர நாளுக்கு 30 கிலோமீற்றர். கார் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈகே3. எங்களில் ஒருவர் அதை வாங்கும்போதே ஸ்பிரிங் மாற்றி இரண்டு அங்குலம் பதித்துத்தான் இருந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரியும். கிடைத்ததை வாங்கினோம்.

போன மாரி மழைக்குள் அக்கரைப்பற்றுப் பக்கம் ஏ4 வீதியில் வந்துகொண்டிருந்தோம். ஐம்பதுக்கு மேல் வேகமில்லை. வழமைபோல நடுவீதியில் ஒரு மாடு. பிரேக் பிடித்ததும் காரின் பின்பக்கம் தன்பாட்டில் சுழன்று வீதிக்குக் குறுக்கே நின்றது. மாட்டுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். இறங்கிப் பின் டயரைப் பார்த்தால் வெளிப்பக்கம் பூ நன்றாகத்தான் இருக்கிறது. உள்பக்கம் கையை விட்டுத் தடவியவரின் விரலில் கம்பி குத்தியது. அந்த டயர் போட்டு ஏழு மாதம்தான்.

அந்த ஏழு மாதத்துக்குள் மூன்று தடவை வீல் எலைன்மென்ட் செய்திருக்கிறோம். மூன்று தடவையும் நாலு சில்லுக்குக் காசு வாங்கினார்கள். மூன்று தடவையும் முன்சில்லின் ரை-ரொட்டைத் திருகி, ஸ்டேரிங்கை நேராக்கிக் கையில் தந்தார்கள். பின்னுக்கு என்ன நிலை என்று கேட்டால் ஒரே பதில்: "லோ பண்ணின வாகனம் சேர், அப்படித்தான் இருக்கும். பின்னுக்கு ஒண்டும் செய்ய ஏலா."

ஏலும். இந்தப் பதிவே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

காரைப் பதித்தால் பின்சில்லின் தலைப்பக்கம் உள்ளே சாயும். அது கெம்பர். கண்ணுக்குத் தெரிவதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. ஆனால் டயரை வேகமாகத் தின்பது ரோ. அதாவது மேலிருந்து பார்த்தால் சில்லு நேரே பார்க்கிறதா, உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறதா என்ற விடயம். இது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நாலாவது தடவை வேறோர் இடத்துக்குப் போய், அளந்த தாளைக் கேட்டு வாங்கினோம். பின் இடது சில்லு 0.8 பாகை வெளியே திரும்பியிருக்கிறது, வலது 0.2. கூட்டினால் ஒரு பாகை. நேரே ஓடும்போது இரண்டு சில்லும் அதை அரைப் பாகை வீதம் பங்குபோட்டுக்கொள்ளும்.

அரைப் பாகை என்றால் சின்ன விடயம்போலத்தான் தெரியும். கணக்குப் பாருங்கள். அரைப் பாகையின் தான்சன் 0.0087. ஒரு கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 8.7 மீற்றர் பக்கவாட்டு உரசல். எங்கள் 30 கிலோமீற்றருக்கு நாளொன்றுக்கு 260 மீற்றர். ஒவ்வொரு நாளும் டயரைக் கழற்றி, தார் வீதியில் 260 மீற்றர் தூரம் குறுக்காக இழுத்ததற்குச் சமம். சாய்ந்து நிற்கும் சில்லு என்பதால் அந்தத் தேய்வு முழுவதும் உள்விளிம்பில். இது தரம் 11 பிள்ளை போடும் கணக்கு. மெசின் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஈகே3இன் பின்பக்கம் ரோவைத் திருத்துவதற்குக் கம்பனியே இடம் விட்டிருக்கிறது. கீழே குட்டையான ஒரு ஆம் இருக்கும். அதன் உள்பக்க போல்ட்டுக்கு நீளத் துளை. போல்ட்டைத் தளர்த்தி ஆமை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். துருப்பிடித்து இறுகியிருந்தால் அரைநாள் போகும். அந்த அரைநாளைத்தான் "ஏலா" என்கிறார்கள்.

கெம்பருக்கு அப்படி இடம் இல்லை. நீளம் மாற்றக்கூடிய மேல் ஆம் வாங்கிப் போட வேண்டும். நம்ம ஊர்ப் பொடியன்மார் மேல் ஆமுக்கும் பொடிக்கும் நடுவில் வாசர் வைத்துச் சில்லைத் தள்ளுகிறார்கள். ஓரிரண்டு வாசர் பரவாயில்லை என்பார்கள். ஆனால் வாசர் கூடக்கூட போல்ட் கடிக்கும் புரி குறையும். பின்சில்லைப் பிடித்திருக்கும் போல்ட் அது. அதைவிட மோசம், வாசரை வைத்துவிட்டு ரோவை அளக்காமல் அனுப்புவது. கெம்பரைத் தொட்டால் ரோவும் மாறும். சில்லு நிமிர்ந்து அழகாக நிற்கும், டயர் முன்னைப்போலவே தேயும்.

செய்முறைக்கு ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் புஸ்களைப் பார்க்க வேண்டும். இந்தக் கார்களில் ரெயிலிங் ஆம் புஸ் கிழிந்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். அது ஆடினால் எந்த அளவும் நிற்காது. பிறகு டயர்க் காற்று, இரண்டு பக்க உயரம். பிறகு பின் கெம்பர், அதன்பிறகு பின் ரோ, கடைசியில்தான் முன்பக்கம். புஸ் போல்ட்டுகளைக் கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்து இறுக்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் இறப்பர் முறுகிக்கொண்டே இருந்து கிழியும். பின் இரண்டு சில்லும் சமமில்லாமல் இருந்தால் கார் நண்டுபோலச் சற்றுக் கோணலாக ஓடும். அந்தக் கோணலை விட்டுவிட்டு முன்சில்லை எத்தனை தடவை திருகினாலும் ஸ்டேரிங் திரும்பவும் சரியும். எங்களிடம் மூன்று தடவை காசு போனது இப்படித்தான்.

விட்ஸ், அக்சியோ போன்றவற்றில் பின்னுக்கு ஒரே பீம். திருகுவதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மை. அதற்கும் பீமுக்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கும் சரிவான தகடு இருக்கிறது. பீமைச் சூடுகாட்டி வளைக்கிறவரிடம் மட்டும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

"காரைப் பதித்தது யாருடைய பிழை?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்கிறோம். பதித்தவரின் பிழைதான். ஸ்பிரிங் வெட்டும் தம்பிமாருக்கு நாங்கள் வக்கீல் இல்லை. "பழைய ஸ்பிரிங்கைப் போட்டு உயர்த்திக்கொண்டு வாங்க, இல்லாட்டி நான் தொட மாட்டேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்கு நன்றி சொல்லியிருப்போம். காசை வாங்கிக்கொண்டு செய்யாத வேலைக்குப் பில் எழுதுவது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், இது நம்மைப் பற்றியது. உள்பக்கம் தேய்ந்து வெளிப்பக்கம் நல்லாயிருக்கும் இந்த டயர்களைப் பழைய டயர்க் கடைக்கு நாம்தான் கொடுக்கிறோம். அதைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் வேனுக்குப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிறார். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று மத்ரஸாவில் படிக்காத ஆள் நம்மில் யார்?

எங்கள் இரண்டு டயரையும் விற்கவில்லை. குறுக்காக வெட்டிப் பாடசாலைத் தொழினுட்ப அறையில் வைத்திருக்கிறோம். வெளிப்பக்கம் எவ்வளவு தடிப்பு, உள்பக்கம் எவ்வளவு என்று பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளக்கிறார்கள். கராஜ் வைத்திருக்கும் நானாமாரும் பாடசாலை விட்ட பிறகு வந்து பார்க்கலாம். அளந்த தாளும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது.